பிறர் துன்பத்தில் விளையும் ஊதியம்

தம் மகனை எத்தொழிலில் சேர்ப்பது என்று யோசனை கேட்டு வந்த ஒருவருக்கு, தாபியீன்களுள் ஒருவர் கூறிய பதிலை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். இரண்டு வணிகங்களையும் இரண்டு கைத்தொழில்களையும் தவிர்க்குமாறு அப்பெரியார் சொன்னாராம். தானிய வணிகமும் கஃபன் துணி வணிகமும் முதலிரண்டு. இறைச்சி அறுப்பதும் பொற்கொல்லர் வேலையும் பின்னிரண்டு. தானியம் விற்பவன் விலையேற்றத்தை விரும்புவான். கஃபன் விற்பவன் மக்களின் மரணத்தை எதிர்பார்ப்பான் என்பது வணிகங்களுக்கு அவர் காட்டிய காரணம். அறுப்பவரின் உள்ளம் இறுகிவிடும் என்பதும், பொற்கொல்லர் உலகை அலங்கரித்துக் காட்டுகிறார் என்பதும் மற்றவற்றுக்குரிய காரணங்கள்.

அரபுக் கல்லூரி மாணவர்கள் இப்பகுதியை வாசித்துவிட்டு எளிதில் கடந்துபோவதுண்டு. கஃபனுக்கென்று தனிக்கடை வைத்திருப்போர் நம் ஊர்களில் அரிது. ஜவுளிக்கடையிலோ பள்ளிவாசலிலோ அத்துணி கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே ஐயம் வேறு வடிவங்களில் இன்றும் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. வளைகுடாவில் இறந்தோரின் உடல்களைத் தாயகத்திற்கு அனுப்பும் முகவர் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா? தனியார் மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் அமரலாமா? அடகு நகையை மீட்டு வாங்கும் கடையில் மதிப்பீட்டாளராகலாமா? நிலுவைக் கடன்களை வசூலிக்கும் பணியை ஏற்கலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் குடும்பப் பொறுப்பு தோளில் ஏறிய இளைஞர்கள். ‘ஒருவர் கண்ணீர் விட்டால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது’ என்ற உறுத்தல் அவர்களுக்கு இருக்கிறது. அவ்வுறுத்தல் நல்ல ஈமானின் அடையாளமே. எனினும், உறுத்தல் ஒன்றை மட்டும் கொண்டு ஹலால், ஹராம் என்று தீர்ப்பெழுத ஃபிக்ஹு இடமளிப்பதில்லை.

கஸ்ஸாலி இமாமின் அந்த அத்தியாயத்தை முழுமையாகப் படிப்போர் ஒரு விந்தையைக் காண்பர். கஃபன் வணிகம் வெறுக்கத்தக்கது என்ற செய்தி வருவதற்குச் சற்று முன்னர்தான், வணிகரும் தொழிலாளரும் தம் வேலையின் மூலம் சமுதாயத்தின் ஃபர்ளு கிஃபாயா ஒன்றை நிறைவேற்றுவதாக நிய்யத்து வைக்க வேண்டும் என்கிறார்கள் இமாம் அவர்கள். தொழில்கள் கைவிடப்பட்டால் வாழ்க்கை குலைந்துவிடும் என்றும் விளக்குகிறார்கள். மையித்துக்குக் கஃபனிடுவதோ ஐயத்திற்கு இடமின்றி ஃபர்ளு கிஃபாயா. துணியை யாரேனும் நெய்து, யாரேனும் விற்றுத்தான் ஆக வேண்டும். அவ்வாறிருக்க அதே வணிகம் எப்படி வெறுக்கத்தக்கதாகும்?

விடை அக்காரணத்திலேயே உள்ளது. அப்பணத்தில் அழுக்கு இருப்பதாக எவரும் சொல்லவில்லை. விற்பனை செல்லாது என்றும் சொல்லவில்லை. அத்தொழில் மனிதனை எதற்காகக் காத்திருக்க வைக்கிறது என்பதையே அவர்கள் பார்த்தார்கள். நாள்தோறும் கடை திறந்து அமர்ந்து, பிறருடைய வீட்டில் மரணம் நிகழ வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பழகும் நெஞ்சம் என்னவாகும் என்பது அவர்களின் கவலை. ஆகவே இது நெஞ்சத்தைப் பற்றிய எச்சரிக்கை. இதைத் தடைச்சட்டமாக வாசிப்பவர் அந்த அத்தியாயத்தில் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்.

இக்கவலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் ஸரிய்யுஸ் ஸகதி (ரஹ்) அவர்களின் வரலாற்றைக் காட்டலாம். பக்தாதின் கடைத்தெருவில் தீப்பிடித்தது. அவர்களுடைய கடை தப்பியது என்று ஒருவர் வந்து சொல்ல, ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்றார்கள். மற்றவர்களின் கடைகள் எரிந்திருக்கத் தம் கடைக்காக மகிழ்ந்தோமே என்று பிறகு உறைத்தது. அந்த ஒரு சொல்லுக்காக முப்பது ஆண்டுகளாகப் பாவமன்னிப்புக் கோரி வருவதாக அவர்களே கூறியதை இமாம் குஷைரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அந்தத் தீயினால் அவர்களுக்கு ஒரு திர்ஹமும் இலாபம் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி, அருவருப்பான அல்லது துயரம் தோய்ந்த ஒரு வேலைக்கு ஊதியம் பெறுவது கூடுமா என்ற சட்டப் பகுதிக்கு வருவோம். இரத்தம் குத்தி எடுப்பவரின் சம்பாத்தியம் இழிந்தது என்று பொருள்படும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் நபி (ஸல்) அவர்களே அபூதைபா என்பவரிடம் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு அவருக்குக் கூலி கொடுத்தார்கள். அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் செலுத்த வேண்டிய தொகையையும் குறைக்கச் செய்தார்கள். அது ஹராமாக இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியது புகாரியில் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, பெரும்பான்மை உலமாக்கள் அவ்வூதியம் கூடும், ஆனால் உயர்ந்த சம்பாத்தியம் அன்று என்ற முடிவுக்கு வந்தனர்.

மையித்தைக் குளிப்பாட்டுவதற்குக் கூலி பெறுவதில் நம் இரு மத்ஹபுகளும் காட்டும் வேறுபாடு சுவையானது. ஷாஃபிஈ மத்ஹபில் மையித்தின் காரியங்களைச் செய்யவும் அடக்கவும் கூலிக்கு அமர்த்துவது செல்லும் என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் தெளிவாக எழுதியுள்ளார்கள். ஹனஃபி நூல்களோ, கூலியின்றிக் குளிப்பாட்டுவதே சிறந்தது என்று தொடங்கி, கூலி கேட்பது கூடும், ஆனால் அவ்வூரில் வேறு ஆளும் இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கின்றன. அவர் ஒருவர்தான் உண்டு என்றால் கேட்கக் கூடாது. கடமை அவர்மீது மட்டுமே வந்து நிற்கிறது என்பது காரணம். இந்நிபந்தனையை வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். துயருற்றவருக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது, ஊதியம் கேட்கும் உரிமை அங்கே சுருங்குகிறது. இன்றைய வணிகப் பழக்கமோ இதற்கு நேர் எதிர். போக்கிடம் இல்லாத வாடிக்கையாளரிடம்தான் கட்டணம் ஏறுகிறது.

மறுபுறம், பேணுதல் என்ற பெயரில் இத்தகைய பணிகளை ஒதுக்குவதிலும் ஆபத்து உண்டு. பல ஊர்களில் முஸ்லிமல்லாதவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லை. நம்மவரோ ஃபிக்ஹின் கருத்து வேறுபாடுகளில் வாதம் புரியக் கூட்டம் கூட்டமாக விரைகின்றனர் என்று கஸ்ஸாலி இமாம் தம் காலத்தவரைக் கடிந்துகொண்டார்கள். (அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இது உவப்பான வாசகமன்று.) நோய் இல்லையேல் மருத்துவருக்கு வருமானம் இல்லை. அதனால் மருத்துவம் இழிவாகிவிடவில்லை. அதை ஃபர்ளு கிஃபாயா என்றே இமாம் வகைப்படுத்தினார்கள். துன்பம் வந்த பிறகு அதைக் குறைப்பதற்காக வாங்கப்படும் கூலி ஒன்று. துன்பம் வளர்ந்தால் வளரும் கூலி மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாம் வகைக்கு ஃபிக்ஹு தந்த பெயர்களுள் முதன்மையானது ‘இஹ்திகார்’ எனும் பதுக்கல். பதுக்குபவன் குற்றவாளியே என்ற பொருளில் மஃமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை முஸ்லிமில் காண்கிறோம். அதை அவர்களிடமிருந்து கேட்டு அறிவித்த ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களிடம், ‘தாங்களும் பதுக்குகிறீர்களே?’ என்று கேட்கப்பட்டபோது, மஃமரும் அவ்வாறு செய்தவர்தாம் என்று பதில் வந்தது. அவர்கள் இருப்பு வைத்தது எண்ணெய் போன்றது, மக்களின் அன்றாட உணவு அன்று என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். ஷாஃபிஈகளின் வரையறை இறுக்கமானது: விலையேறிய காலத்தில் உணவுப் பொருளை வணிகத்திற்கென வாங்கி, இன்னும் ஏறட்டும் என்று விற்காமல் வைப்பதே ஹராமான பதுக்கல். மலிவான காலத்தில் வாங்கிச் சேமிப்பதோ, தன் வயலில் விளைந்ததை வைத்திருப்பதோ அதில் சேராது. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்கு ஊறு நேருமோ அதுவெல்லாம் பதுக்கலே என்றார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் நூறு ரூபாய்க்கு விற்றதையும், 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் காத்துக்கிடக்க, அதே மருந்து கள்ளச்சந்தையில் பன்மடங்கு விலைக்குப் போனதையும் கண்ட நமக்கு, அபூயூஸுஃப் இமாமின் சொல்லே காலத்திற்கு ஏற்றதாகப் படுகிறது. மருந்து அன்றாட உணவு அன்று என்று அங்கே வாதிடுவோர் எவரேனும் உண்டா?

மற்றொன்று, நெருக்கடிக்கு ஆளானவரிடம் கொள்முதல் செய்வது. இதைத் தடுத்து அலீ (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் ஹதீஸின் தொடரில் பெயர் தெரியாத ஒருவர் இருப்பதால் அது பலவீனமானது. எனினும் அதற்கு இமாம் கத்தாபி (ஹிஜ்ரி 388இல் மறைந்தவர்கள்) எழுதிய விளக்கம் பொன்னானது. வற்புறுத்தப்பட்டு விற்றால் அவ்விற்பனை செல்லாது. கடன் நெரித்ததால் ஒருவர் தம் பொருளைக் குறைந்த விலைக்கு விற்றால் சட்டப்படி செல்லும். ஆயினும் மார்க்கமும் மனிதப் பண்பும் வேண்டுவது, அவரிடம் அவ்வாறு வாங்காமல், கடன் கொடுத்தோ தவணை பெற்றுத் தந்தோ உதவுவதே என்கிறார்கள்.

அடகு நகை மீட்கும் கடை பற்றிய கேள்விக்கு இங்கிருந்தே விடை கிடைக்கிறது. வட்டி ஏறி நகை ஏலத்திற்குப் போகும் நிலையில் ஒரு பெண்மணி வருகிறார். கடைக்காரர் அடகுத் தொகையைக் கட்டி நகையை மீட்டு, அன்றைய சந்தை விலையைக் கணக்கிட்டு, நியாயமான கழிவு போக மீதியைக் கையோடு கொடுத்துவிடுகிறார். வட்டி நின்றது, ஏலத்தில் முழுகியிருக்க வேண்டிய நகைக்கு உரிய விலையும் கிடைத்தது. இது உதவியே, ஊதியமும் ஹலாலே. அதே கடைக்காரர், ஏலம் நாளைக்கு என்று தெரிந்துகொண்டு, அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலைக்கு இறக்குவாரானால், தராசில் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாவிட்டாலும் அவர் கத்தாபி இமாம் கண்டித்த இடத்திற்கு வந்துவிடுகிறார். பெயர்ப் பலகையைப் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. வேலைக்குச் சேர இருப்பவர் அக்கடையில் ஒரு வாரம் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று கவனித்தால் போதும்.

கடன் வசூலைப் பொறுத்தவரை முதலில் ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். வட்டியை எழுதுபவரும் அதற்குச் சாட்சி நிற்பவரும் சாபத்திற்குரியோர் என்ற ஹதீஸ் இருக்கையில், வட்டித் தொகையை வசூலிக்கும் வேலை நம் விவாதத்திற்குள்ளேயே வராது. சரக்குக் கடன், வாடகை நிலுவை போன்ற நியாயமான பாக்கிகளை வசூலிப்பதைப் பற்றியே பேசுகிறோம். அது கொடுத்தவரின் உரிமை. தம்மிடம் கடுமையாகக் கடனைக் கேட்ட ஒருவர்மீது தோழர்கள் பாய முனைந்தபோது, உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்று கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் கடனாளி உண்மையிலேயே இயலாதவராக இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. 2022இல் ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் கடனாளிகளை அழைக்கலாகாது என்றது. 2025இல் தமிழ்நாடு கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டமே இயற்றியது. இவை நேரத்தையும் நடத்தையையும் ஒழுங்குபடுத்துகின்றன. இயலாதவரிடம் கேட்கலாமா என்ற கேள்விக்குள் அவை நுழைவதில்லை.

‘நான் வெறும் ஊழியன், முடிவெடுப்பது முதலாளி’ என்று சொல்லித் தப்பிக்கலாமா? மக்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஒரு வணிகர், சிரமப்படுபவரைக் கண்டால் விட்டுக்கொடுக்குமாறு தம் பணியாளர்களிடம் சொல்லிவைத்திருந்தார். அதற்காக அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று புகாரியில் ஒரு ஹதீஸ் வருகிறது. அங்கே முதலாளி நல்லவர். இஹ்யாவில் வரும் வாஸித் நகரத்து வணிகரின் செய்தியில் நிலைமை சிக்கலாகிறது. அவர் ஒரு கப்பல் கோதுமையைப் பஸராவுக்கு அனுப்பி, சேர்ந்த அன்றே விற்றுவிடுமாறு முகவருக்கு எழுதினார். அங்கிருந்த வியாபாரிகள் ஒரு வாரம் பொறுத்தால் இலாபம் பெருகும் என்றனர். முகவரும் பொறுத்தார், பன்மடங்கு இலாபம் வந்தது. மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். மார்க்கம் பாதுகாப்பாக இருக்கச் சிறு இலாபமே போதும் என்றிருந்தோம், நீர் எமக்குக் கேடு செய்துவிட்டீர், பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் என்று பதில் வந்தது. முகவர் எந்தப் பொருளையும் திருடவில்லை. தம் பைக்குள் போட்டுக்கொள்ளவும் இல்லை. முதலாளிக்கு நன்மை செய்வதாக நம்பி ஏழு நாள் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புத்தான் குற்றமாயிற்று.

ஆதலால் வேலை கேட்டு வரும் இளைஞரிடம் நாம் முதலில் விசாரிப்பது, சம்பளம் எதற்காகத் தரப்படுகிறது என்பதையே. உடல்களைத் தாயகம் அனுப்பும் நிலையத்தில் மாதச் சம்பளமா, உடல் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கமிஷனா? ஆவணங்களுக்காக அலையத் தெரியாத கூலித் தொழிலாளியின் குடும்பத்திடம் கட்டணம் கூடுகிறதா, குறைகிறதா? மருத்துவமனையில், பணம் கட்ட இயலாதவருக்குரிய காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துச் சொல்ல அப்பணியாளருக்கு அனுமதி உண்டா, அல்லது அதை மறைப்பதற்குத்தான் ஊக்கத்தொகையா? சம்பளம் ஒருவனைக் காத்திருக்கப் பழக்குகிறது. கமிஷன் அவனை இன்னொருவர் வீட்டு வாசலைப் பார்த்தே காத்திருக்கப் பழக்குகிறது.

நம் ஜமாஅத்துகளும் இதில் செய்யக் கூடியது உண்டு. கபரு தோண்டுபவருக்குக் குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். மாதச் சம்பளம் நிர்ணயித்து, அடக்கத்தலத்தைப் பராமரிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்துள்ள ஊர்களும் உள்ளன. அங்கே ஜனாஸா வராத மாதங்களில் அவர் முட்செடிகளை வெட்டுகிறார். மழைக்கு முன் சுற்றுச்சுவரைச் செப்பனிடுகிறார். மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்கிக்கொள்கிறார்.