ஆபரேஷனோடு முடிந்ததா?

மார்பகக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, கரண்டும் வைத்தாயிற்று. "இனிப் பயமில்லையே, டாக்டர்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் சகோதரிகளே, இதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை.

கட்டி எவ்வளவு பெரியது, எந்த ரகம், அக்குளில் நெறி கட்டும் இடத்திலுள்ள முடிச்சுகளில் எத்தனைக்கு நோய் பரவியிருந்தது என்பவற்றைப் பொறுத்தே, பிற்பாடு அது எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவும் அபாயம் அமைகிறது.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் ரகம் வெகுகாலம் பதுங்கியிருக்கும். 5 வருஷம் மாத்திரை சாப்பிட்டுச் சுகமாயிருந்த பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2017-ல் வெளியாயிற்று. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, முடிச்சுகளில் நோய் இல்லாதவர்களில்கூட, அடுத்த 15 வருஷங்களில் நூற்றுக்கு 13 பேருக்கு நோய் வேறிடத்தில் தலைகாட்டியதாம். அதே அளவுக் கட்டியோடு 4 முதல் 9 முடிச்சுகளில் நோய் இருந்தவர்களிலோ, நூற்றுக்கு 34 பேருக்கு!

ஆகவே, "உடம்பு தேறிவிட்டதே" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஒத்துக்கொள்ளவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்; மாற்று மருந்து உண்டு. விடாத எலும்பு வலி, இருமல், மூச்சிரைப்பு இருந்தால், எத்தனை வருஷம் கழிந்திருந்தாலும் பழைய வியாதியைச் சொல்லியே காட்டுங்கள். அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் வீட்டுப் பத்திரங்களோடு பத்திரமாக வைத்திருங்கள்.