காற்றும் மிதிவண்டியும்



சென்ற ஆண்டு விளையாட்டு விழா முடிந்த மறுநாள், செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் தந்தை ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர்தம் மகன் நம் பழைய மாணவன். நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின்னர் ஓடி முடிக்கும் டிரையத்லான் என்னும் முப்போட்டியில் சேர விழைகின்றான். "ஐயா, கடையில் நாலாயிரம் வெள்ளிக்கு ஒரு வண்டி காட்டுகிறார்கள். தவணையில் எடுத்துக் கொடுக்கட்டுமா?" என வினவினார். நாம் அளித்த விடை பிறருக்கும் பயன்படும் என்றெண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

சமதரையில் விரைந்து செல்பவனுக்கு முதற்பகை காற்றே. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், காற்றின் தடை இரு மடங்கன்று, நான்கு மடங்காகின்றது. அதனை வெல்ல வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்கு. ஆற்றுப் பாலத்தின் தூணைக் கவனியுங்கள்; நீர் முன்னே மோதுகின்றது, பின்னே சுழிக்கின்றது. நிமிர்ந்து அமர்ந்திருப்பவனைச் சுற்றிக் காற்றும் அவ்வாறே சுழித்து, அவனைப் பின்னோக்கி இழுக்கின்றது. மீனின் உடல் வால்புறம் ஒடுங்கியிருப்பதால் அதன் பின்னே சுழிப்புக் குறைவு. பந்தயத் தலைக்கவசங்கள் சிலவற்றிற்கு வால் இருப்பதும் இதன் பொருட்டே.

இத்தடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவனின் உடலால் விளைவது. வண்டியின் பங்கு சிறிதே. நாலாயிரம் வெள்ளி பெரும்பாலும் அச்சிறு பங்கிற்கே செலவாகின்றது!

1989ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தின் இறுதி நாளன்று, அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். எஞ்சிய தொலைவு 24.5 கிலோமீட்டர். முப்போட்டி வீரர்கள் முன்னரே கையாண்டுவந்த, முழங்கைகளை ஊன்றி முன்கைகளை நீட்டும் கைப்பிடியை அவர் பூட்டிக்கொண்டார். உடல் குனிந்தது, கைகள் ஒடுங்கின. அவரை எதிர்த்த லோரான் ஃபின்யோன் தலைக்கவசமின்றிக் குடுமி பறக்க ஓட்டினார். அவர் வண்டியிலும் காற்றுக்கென அமைந்த மூடிய சக்கரங்கள் இருந்தன. லெமாண்ட் முழுப் பந்தயத்தையும் 8 வினாடியில் வென்றார். ஃபின்யோன் அன்று புண்ணால் துன்புற்றார் என்பதையும் கூறுதல் நேர்மை.

ஆயினும் மிகக் குனிதலும் தவறு. முப்போட்டியில் வண்டியை விட்டிறங்கியதும் ஓடவேண்டும். வயிறு நெருக்குண்டு, மூச்சு முட்டி, தொடை இறுகியவன் ஓட்டத்தில் தோற்பான். நெடுநேரம் தாங்கக்கூடிய குனிவே நல்ல குனிவு.

ஆகவே முதலில் உடலுக்கேற்ற அளவுள்ள வண்டியும், சரியான உயரத்தில் இருக்கையும் வேண்டும். தலையில் இறுகப் பொருந்தும் கவசம், காற்றில் படபடக்காத சட்டை, நல்ல உருளிப்பட்டை ஆகியன அடுத்து. முழங்கைக் கைப்பிடி பின்னர் வரலாம். அதனைப் பற்றியிருக்கும்போது கைகள் தடைக்கட்டையை விட்டு விலகியிருப்பதால், லாரிகள் ஓடும் நம் தோட்டச் சாலைக்கு அது ஆகாது. விலையுயர்ந்த சக்கரங்கள் கடைசியில்தான். வாங்குமுன் போட்டி விதியையும் கேட்டறிக. ஒலிம்பிக் முப்போட்டியில் முன்செல்பவரை ஒட்டி ஓட்டலாம். அயர்ன்மேன் போட்டிகளில் அது குற்றம்.

தந்தையார் முழுதும் நம்பினாரல்லர். ஒரு ஞாயிறு காலை, வண்டிப் போக்குவரத்து இல்லாத மேட்டுச் சாலைக்கு இருவரையும் அழைத்துச் சென்றோம். பையன் கவசமணிந்து, மிதிக்காமல், மேட்டிலிருந்து உருண்டு வந்தான். முதன்முறை நிமிர்ந்து, மறுமுறை குனிந்து. வண்டி தானே நின்ற இடங்களில் தந்தையார் கல் வைத்தார். இரு கற்களுக்கும் இடையே, செம்பனை மரத்திற்கு மரம் உள்ள தொலைவு இருந்தது. அவர் மும்முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, பழைய வண்டியின் இருக்கையை உயர்த்தத் திருகுச்சாவி கேட்டார்.