தொலைந்த பொருள் பேசுமா?

தேர்வு முடிந்ததும் எங்கள் கல்லூரிக் கூடத்து வாயிலில் இரண்டு மூன்று கால்குலேட்டர்களாவது கேட்பாரற்றுக் கிடக்கும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி. அவை அலுவலக அலமாரியில் குடைகளோடும் சாப்பாட்டு டப்பாக்களோடும் சேர்ந்து தூசி படிந்துபோகும். பொருள் இருக்குமிடம் தெரிகிறது. யாருடையது என்பதுதான் தெரியவில்லை. பொருளைத் தொலைத்தவருக்கோ, அது எங்கே என்பது தெரியவில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லும் கருவிகள் வேறு வேறு.

யாருடையது என்று அறிய, நாணய அளவுள்ள ஓர் ஒட்டுவில்லை போதும். இதை என்.எஃப்.சி. வில்லை என்பார்கள். உள்ளே மெல்லிய கம்பிச்சுருளும் கடுகளவு சில்லும் உண்டு, மின்கலம் கிடையாது. பின் எப்படி இயங்குகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் படித்த மின்மாற்றியை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வசதியுள்ள கைப்பேசியிலும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் மின்னோட்டம் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு ஒரு கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறுகிறது. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் வில்லையைக் கொண்டுவந்தால், மாறும் காந்தப்புலம் அதன் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான்! அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது.

அது பதில் சொல்லும் விதம் இன்னும் வேடிக்கையானது. மின்மாற்றியின் துணைச்சுருளில் பளு கூடினால் முதன்மைச் சுருள் அதை உணருமல்லவா? சில்லு தன் சுருளின் பளுவைக் கூட்டியும் குறைத்தும், அந்த ஏற்ற இறக்கத்தையே எழுத்தாக்கித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. ஆனால் எவர்சில்வர் டப்பாவில் இதை நேரே ஒட்டினால் ஊமையாகிவிடும். உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தை எதிர்த்து நலியச் செய்கின்றன. அதற்கென்றே அடியில் ஃபெரைட் தகடு வைத்த வில்லைகள் உள்ளன.

வில்லையில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவதில் எனக்குச் சம்மதமில்லை. யார் கைப்பேசியைக் காட்டினாலும் அவற்றைப் படித்துவிடலாம். வெறும் எண் போதும். அது யாருடையது என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும்.

பொருள் எங்கே என்று அறிய வேறு கருவி வேண்டும். 2021-இல் வெளிவந்த ஏர்டேக் போன்ற வில்லைகளில் பொத்தான் மின்கலம் உண்டு. அவற்றுக்குத் தம் இருப்பிடம் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை செயற்கைக்கோள்களைக் கேட்பதே இல்லை. ப்ளூடூத் அலையில் 'இதோ இருக்கிறேன்' என்று இடைவிடாது குரல் கொடுக்கின்றன, அவ்வளவுதான். அவ்வழியே போகும் அந்நியர் கைப்பேசி அக்குரலைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைப் பூட்டிய செய்தியாக அனுப்புகிறது. உடையவர் கைப்பேசி மட்டுமே அப்பூட்டைத் திறக்கும். ஆள்நடமாட்டமுள்ள கல்லூரி வளாகத்தில் இது நன்றாகவே பயன்படும். யாரும் போகாத மைதான மூலையில் பயன்படாது.

பையைத் தேடித் தரும் வில்லை, பையைச் சுமப்பவரையும் தேடித் தரும்! பிறர் பையில் ரகசியமாக இதைப் போட்டு அவரைப் பின்தொடர்ந்த குற்றங்கள் நடந்துள்ளன. ஆகவே, 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. உங்களுக்குச் சொந்தமில்லாத வில்லை உங்களோடு நகர்ந்து வந்தால், இரு வகைக் கைப்பேசிகளும் எச்சரிக்கும். அந்த அறிவிப்பு வந்தால், உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். வில்லையை ஒலிக்கச் செய்து கண்டுபிடிக்கலாம். மின்கலத்தை எடுத்துவிட்டால் அது வாய் திறக்காது.