பழைய சிம்னிக்குள் குழாயா... சுவருக்கு வெளியே புதுசா? விறகு அடுப்பு வைக்கும் முன் இதைப் படிங்க!

ஊட்டி: வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் குளிர் காய கட்டிய சிம்னிகள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இன்னமும் நிற்கின்றன. பலதில் குருவிக்கூடுதான் இருக்கிறது.

இப்போது திறந்த கணப்புக்கு பதிலாக கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பு வைக்கிறார்கள். விறகு குறைவு, சூடு அதிகம். ஆனால் புகையை எந்த வழியாக அனுப்புவது? இங்கேதான் சிக்கல்.

"சுவத்துல ஓட்டை போட்டு வெளியே குழாயை தூக்கி விட்டுடலாம் சார், ஒரே நாள் வேலை" என்பார் கொத்தனார். கேட்க நல்லாத்தான் இருக்கும். ராத்திரி தூங்குறது நாமதானே?

குழாய் குளிர்ந்தால் ஆபத்து

புகை மேலே போவதற்கு காரணம் அதன் சூடு. வெளிச்சுவரில் நிற்கும் குழாயை பனியும் காற்றும் மூணு பக்கமும் அடிக்கும். புகை பாதியிலேயே ஆறிவிடும். சுமார் 120 டிகிரிக்கு கீழே போனால் அதிலுள்ள தார் குழாய்க்குள் பசை மாதிரி ஒட்டும். ஈர விறகு என்றால் இன்னும் மோசம். ஒருநாள் அந்த தாரே தீப்பிடிக்கும். அப்போது குழாய்க்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியை தாண்டும். பக்கத்தில் கூரை மரம் இருந்தால் என்ன ஆகும்?

இதைவிட பயங்கரம் விடியற்காலை நேரம். அடுப்பில் வெறும் கங்கு இருக்கும், புகையே தெரியாது. குழாய் ஜில்லென்று ஆனதும் காற்று திரும்பி அறைக்குள் இறங்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு வாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்து தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவதும் இதே வாயுவால்தான்.

அப்போ பழைய சிம்னியே போதுமா?

அப்படியே போதாது. அது திறந்த கணப்புக்கு கட்டியது. உள்ளே ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் என்றால் 144 சதுர அங்குலம். அடுப்பின் 6 அங்குல வாய்க்கு 28 தான். ஐந்து மடங்கு அகலத்தில் புகை தேங்கி ஆறிவிடும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சந்து வழியாக பக்கத்து அறைக்கும் வரும்.

அதனால் அடுப்பு வாயில் இருந்து சிம்னி உச்சி வரை, அதே 6 அங்குலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை முழுசாக இறக்க வேண்டும். பாதி தூரம் விட்டு நிறுத்துவது ஏமாற்று வேலை. சுற்றிலும் சூடு தாங்கும் செராமிக் கம்பளி, உச்சியில் மழை மூடி. வீட்டுக்குள்ளேயே நிற்பதால் குழாய் சூடாகவே இருக்கும். சிம்னி நேராக, உறுதியாக இருந்தால் நம்ம ஓட்டு இதற்குத்தான்.

முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கீழே ஈரத்தழை புகை போட்டு, மேலே சாக்கு வைத்து மூடி, எந்த அறையில் புகை கசிகிறது என்று பாருங்கள். ஆள் உள்ளேயே நிற்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சிம்னி சாய்ந்திருந்தாலோ, அடியில் விரிசல் விட்டிருந்தாலோ, உத்திரக் கட்டையை அதற்குள் சொருகி கட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். புதுசுதான் வழி. அப்போதும் தகரக் குழாய் வேண்டாம். நடுவில் கம்பளி அடைத்த இரட்டைச் சுவர் ஸ்டீல் குழாய் போடுங்கள். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே ஏற்றி கூரை வழியாக வெளியே விடுவது நல்லது. கூரையை தாண்டி குறைந்தது 3 அடி, 10 அடி சுற்றளவில் உள்ள எதையும் விட 2 அடி உயரம் வேண்டும். இரட்டைச் சுவர் குழாய்க்கும் மரத்துக்கும் 2 அங்குலம் இடைவெளி. அடுப்பை ஒட்டி வரும் ஒற்றைத் தகடு என்றால் 18 அங்குலம்!

எதைப் போட்டாலும் படுக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். சீகையோ யூகலிப்டஸோ, வெட்டி ஒரு வருஷமாவது ஷெட்டில் காய்ந்த விறகாக இருக்கட்டும். சீசன் தொடங்கும் முன் பிரஷ் விட்டு சுத்தம் செய்யணும். தார் 3 மில்லி மீட்டர் கனத்துக்கு சேர்ந்திருந்தால், சுத்தம் செய்யாமல் தீயே மூட்டாதீங்க.