விசைப்படகு வகைகளும் அவற்றின் பயன்களும்

நுவரெலியாவிலுள்ள கிறகரி வாவி 1873ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. அட்டனுக்கு அண்மையில் காஸல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் மின்னுற்பத்திக்கென அமைந்தன. இத்தகைய நீர்நிலைகளின் அருகே பயிரிடும் கமக்காரர் விசைப்படகுகளைப் பற்றி அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், படகை இயக்கும் இயந்திரமும் பாத்திக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் ஓரினத்தைச் சேர்ந்தவை.

விசைப்படகுகள் மூவகைப்படும்.

1. வெளியிணைப்பு இயந்திரப் படகு: இயந்திரம் படகின் பின்புறத்தே வெளியில் மாட்டப்பட்டிருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அதனை உயர்த்திக்கொள்ளலாம். கரையோர மீன்பிடிக்கு ஏற்றது. வெள்ளக் காலத்தில் நெல்வயற் கிராமத்தவரை மீட்கவும் உதவும்.

2. உள்ளிணைப்பு இயந்திரப் படகு: பெரும்பாலும் டீசல் இயந்திரம் படகினுள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பாரம் ஏற்றவும் நெடுந்தூரம் செல்லவும் உகந்தது. இலங்கையின் பலநாள் மீன்பிடிப் படகுகள் இவ்வகையின.

3. நீர்த்தாரைப் படகு: இதற்கு வெளியே சுழல்விசிறி இல்லை. உள்ளிருக்கும் பம்பி நீரை உறிஞ்சிப் பின்னோக்கிப் பீச்ச, படகு முன்னே செல்லும். கிறகரி வாவியில் உல்லாசப் பயணிகள் ஓட்டும் ஜெற் ஸ்கீ இவ்வகையது.

எவ்வகைப் படகாயினும், ஏறுவோர் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும்.

வாவி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலால் சாதாரண பெற்றோல் இயந்திரத்தின் வலுவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். பம்பியின் உறிஞ்சும் ஆற்றலும் குறையும்; கடலோரத்தில் 7 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சும் பம்பி, இங்கே 5 மீட்டர் அளவிலேயே சிரமமின்றி உறிஞ்சும். ஆகவே பம்பியை மேட்டில் வையாது, நீர்மட்டத்திற்கு இயன்ற அளவு அண்மையில் வைத்தல் வேண்டும். எண்ணெய் கசிந்து நீரிற் கலவாதபடி அதன் அடியில் தகரத் தட்டொன்றை வைத்தல் அவசியம்.

பெருமழையில் சரிவுப் பாத்திகளின் மேல்மண் கரைந்து நீர்நிலையின் அடியிற் படிகின்றது. ஆழம் குறைந்தால் சுழல்விசிறி சேற்றிலும் நீர்க்களையிலும் சிக்கும். படகு எழுப்பும் அலை வெறுங்கரையை மேலும் அரிக்கும். கமக்காரர் சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் பாத்தி அமைத்து, கரையோரத்தில் புல்வரிசை வளர்ப்பாராயின், உரமிட்ட மண் தோட்டத்திலேயே தங்கும்; வாவியும் தூராது நிலைக்கும்.