பழைய மோட்டார் சைக்கிளை மீட்டல்

ஆங்கிலத்தில் 'ரெஸ்டரேஷன்' என்று வழங்கும் காரியத்திற்குத் தமிழில் எந்தச் சொல்லைக் கொள்வது? மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவனுக்கு இக்கவலை இயல்புதான். எனினும் இங்கே அது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'புதுப்பித்தல்' என்றால் பழையதைப் புதியதாக்குதல் என்று பொருள்படும். 'பழுது பார்த்தல்' என்றால் ஓடினால் போதும் என்று ஆகிவிடும். 'மீட்டல்' என்னும் சொல்லோ, அடகு வைத்த நகையை மீட்பது போல, இருந்த பொருளை இருந்தபடியே திரும்பப் பெறுவதைக் குறிக்கும். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துச் சீர் செய்ய முற்படுவோர், இம்மூன்றனுள் எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதலிலேயே தெளிந்துகொள்ளல் வேண்டும். நான் கண்டவரையில் பெரும்பாலோர் மீட்கத் தொடங்கிப் புதுப்பித்து முடிக்கின்றனர். அதனால் நேரும் இழப்பு யாது என்பதை, நம் நாட்டுச் சாலைகள் நன்கறிந்த ஜாவா வண்டியை உதாரணமாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

ஜாவா என்பதற்கும் ஜாவாத் தீவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. செக்கோஸ்லோவாகியா நாட்டில் 1929ஆம் ஆண்டு பிரான்டிஷெக் யானெச்செக் என்னும் தொழிலதிபர், வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையைப் பெற்றார். அவர் பெயரின் முதலெழுத்துகளையும் வாண்டரரின் முதலெழுத்துகளையும் இணைத்து உண்டாக்கிய பெயரே ஜாவா. இந்தியாவில் ருஸ்தம் இரானி, பாரூக் இரானி ஆகியோர் நிறுவிய ஐடியல் ஜாவா ஆலை, 1961 முதல் மைசூரில் இவ்வண்டிகளைச் செய்து வந்தது. 1970களில் பெயர் எஸ்டி என மாறிற்று. 1996இல் ஆலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்னும் பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தது. ஆயினும் அப்பெயரைத் தாங்கி வந்தது நான்கு வீச்சு இயந்திரம். அதன் இயந்திர உறுப்புகள் பழைய வண்டிக்குப் பொருந்தா. ஆகவே, மைசூரில் வார்க்கப்பட்ட உறுப்பு ஒன்றை இன்று நாம் கெடுத்துவிட்டால், அதற்கு ஈடு செய்துதர ஆலை எதுவும் இல்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே ஸ்பானரைக் கையில் எடுத்தல் வேண்டும்.

இவ்வண்டியின் 250 வகை, 65 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் வீச்சும் உடைய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் கொண்டது. சிலிண்டர் ஒன்றேயாயினும் புகைக்குழாய்கள் இரண்டு. இது இரு வீச்சு இயந்திரம். பிஸ்டன் மேலே செல்லும்போது தலைக்கு மேலுள்ள கலவையை நெருக்குகிறது. அதே வேளையில் அடியிலுள்ள கூட்டிற்குள் புதிய கலவையை உறிஞ்சுகிறது. கீழே இறங்கும்போது முதலில் புகைவாயிலைத் திறந்து, அடுத்து, கூட்டினுள் இருந்த கலவையைப் பக்கவழியாக மேலே தள்ளுகிறது. வால்வும் இல்லை, அதனை இயக்கும் தண்டும் இல்லை. மசகெண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வருகிறது. இத்தகைய எளிமையினால்தான் ஊருக்கு ஊர் மரத்தடிப் பட்டறைகளில் இதனைப் பிரித்து மாட்ட முடிந்தது.

ஆனால், அடிக்கூடு காற்றுப் புகாதபடி அடைபட்டிருந்தால்தான் இந்த எளிமை பயன் தரும். பலரும் கவனியாது விடும் இடம் இதுவே. அச்சுத்தண்டு கூட்டைவிட்டு வெளியே வரும் இரு பக்கங்களிலும், பட்டறையில் ஆயில் சீல் என்று வழங்கும் ரப்பர் வளையங்கள் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகள் அசையாது கிடந்த வண்டியில் அவை கல்லாய் இறுகியிருக்கும். இடப்பக்கத்து வளையம் கெட்டால், கிளச்சுப் பெட்டியின் எண்ணெயை இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். புகை நிற்காது, எண்ணெய் குறைந்துகொண்டே வரும். வலப்பக்கத்து வளையம், அதாவது டைனமோ இருக்கும் பக்கத்தது, கெட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு மிகும், பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். கார்புரேட்டரைப் பத்து முறை பிரித்துக் கழுவியும் வண்டி ஒழுங்காக ஓடவில்லை என்று முறையிடுவோரின் குறை, பெரும்பாலும் இவ்விரு வளையங்களிலேயே இருக்கும். விலையோ சொற்பம். ஆயினும் மாற்றுவதற்குச் சிரமம் உண்டு. அத்தண்டு பல துண்டுகளை அழுத்திப் பொருத்திய ஒன்றாகும். இணைதண்டின் பேரிங் தேய்ந்திருப்பின், அதனைப் பிரித்துச் சேர்த்து, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகாமல் நேராக்க வேண்டும். இது வீட்டில் செய்யத்தக்கதன்று. அழுத்துயந்திரமும் அளவுமானியும் அனுபவமும் உள்ள பட்டறைக்கே கொண்டுசெல்ல வேண்டும். சிலிண்டரைக் கடைந்து விரிவாக்குவதும் அவ்வாறே. அதற்குரிய பெரிய பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளாகக் கிடைக்கும். தேய்மானத்தை அளந்து மிகச் சிறிய படியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். ஒவ்வொரு கடைசலும் அச்சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கவற்றிற்கு வருவோம். முதல் வேலை படம் எடுத்தல். கையில் கருமை படிவதற்கு முன்னரே அதனை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு கம்பியும் எவ்வழிச் செல்கிறது, எந்த வளையம் எந்தத் திருகாணியின் கீழ் உள்ளது என்பவற்றை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம்பிடித்து, கழற்றும் உறுப்புகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைக்கவேண்டும். அடுத்து, இயந்திரம் சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். சுழலாவிடில் உதைகோலின்மேல் ஏறி நிற்பது கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே இளகிய எண்ணெய் சிறிது ஊற்றி, சில நாள்கள் பொறுத்திருந்து, கியரில் இட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் இளகும். இவ்வண்டியில் உதைகோலும் கியர்க்கோலும் ஒன்றேயாதலால், முரட்டுத்தனமாக உதைப்பவர் இரண்டு பொறியமைப்புகளையும் ஒரே உதையில் கெடுத்துக்கொள்வார்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாவாவின் மரைகள் மெட்ரிக் அளவின. பிரிட்டிஷ் வண்டிகளுக்குரிய அங்குல அளவுத் திருகாணிகளைப் பலவந்தமாக முறுக்கி ஏற்றிய வண்டிகள் பல உள்ளன. அலுமினியக் கூட்டில் இவ்வாறு மரை சிதைந்திருந்தால், புதிய மரைச்சுருள் பதிப்பதே வழி. தில்லியில் கரோல் பாக் பகுதியில் மோட்டார் சைக்கிள் உறுப்புக் கடைகள் நிறைந்த தெருக்கள் இருக்கின்றன. ஆனால் அங்குக் கிடைப்பதெல்லாம் ஆலைப்பொருள் என்று நம்பிவிடலாகாது. தேய்ந்த பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு வாங்குவதே நலம். அப்பழைய உறுப்பைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வருதலும் கூடாது.

கழுவுதலில்தான் பெருங்கேடு நிகழ்கிறது. மணல்வீச்சினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வெள்ளிபோல் மின்னும் என்று பட்டறைக்காரர் கூறுவார். உண்மைதான். மணல்வீச்சினால் கோயிற்சுவர்கள் பளிச்சிட்டதும், அவற்றோடு கல்வெட்டுகள் தேய்ந்துபோனதும் நாம் அறிந்தவையே. வண்டியிலும் கல்வெட்டு உண்டு: சட்டத்திலும் இயந்திரக் கூட்டிலும் பொறித்துள்ள எண்கள். போக்குவரத்து அலுவலகத்தில் பென்சிலால் உரசித் தடம் எடுக்கப்படுவன அவையே. எண் மங்கினால், அதனை யாரோ அழித்தார் என்னும் ஐயம் எழும். அன்றியும், வீசிய மணலில் ஓரிரு துகள்கள் கூட்டின் எண்ணெய்வழிகளில் தங்கிவிட்டாலும் புதிய பேரிங்குகளுக்கு அதுவே எமன். மண்ணெண்ணெயும் தூரிகையும் பொறுமையும் கொண்டு செய்யும் வேலைக்கு ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். காஸ்டிக் சோடா இரும்பின் கரியை நீக்கும். புகைக்குழாயினுள் இருக்கும் தடுப்புக் குழலை அதில் ஊறவைக்கலாம். அலுமினியத்தை அதில் இட்டாலோ உலோகமே கரைந்து போகும். பழைய பிரேக் கட்டைகளின் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியை ஊதலாகாது, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே கொண்டு, தேய்ப்பதாயின் நீர் விட்டே தேய்க்க வேண்டும்.

பெட்ரோல் தொட்டியின் உட்புறத் துருவை, சலவைச் சோடா கரைத்த நீரும் பாட்டரி சார்ஜரும் கொண்டு நீக்கலாம். தொட்டியை எதிர்முனையிலும், ஓர் இரும்புக் கம்பியைத் தொட்டியின் சுவரில் படாதபடி உள்ளே தொங்கவிட்டு நேர்முனையிலும் இணைத்தால், துரு மெல்ல மெல்ல விட்டு நீங்கும். கம்பி எவர்சில்வராக இருத்தல் கூடாது; அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் இறங்கும். வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுவதாதலால், திறந்த வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும். பெட்ரோல் இருந்த தொட்டியைப் பற்றவைப்புக்குக் கொடுப்பதாயின், ஆவி அறவே நீங்கியதை உறுதிசெய்தாலன்றிக் கொடுக்கலாகாது. உயிர்போன சம்பவங்கள் உண்டு.

மின்சார அமைப்பு 6 வோல்ட். நெடுநாள் சும்மா கிடந்த டைனமோ சில சமயம் மின்சாரம் தராது. உடனே அது செத்துவிட்டது என்று தூக்கி எறிவர். அதன் இரும்பில் எஞ்சியிருந்த காந்தசக்தி மறைந்திருக்கலாம்; அவ்வளவே. பாட்டரியிலிருந்து காந்தச்சுருளுக்குக் கணநேரம், முனை மாறாமல், மின்சாரம் பாய்ச்சினால் அது மீளும். இக்காலத்தில் பலர் 12 வோல்ட் அமைப்புக்கு மாற்றிவிடுகின்றனர். இரவில் ஓட்டுபவருக்கு நல்ல வெளிச்சம் பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. கம்பி வெட்டாமல், துளை போடாமல் செய்து, பழைய டைனமோவைத் துணியில் சுற்றி வைத்திருந்தால் குற்றமில்லை. பின்னால் வருபவர் விரும்பினால் திருப்பிக்கொள்ளலாம்.

வர்ணத்தில் என் அபிப்பிராயம் சற்றுக் கடுமையானது. தொட்டியின் பொன்னிறக் கோடுகள் ஆலையில் கையால் இழுக்கப்பட்டவை. அவற்றில் நடுக்கம் இருக்கும். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைப் போல் இராது. பாதி உதிர்ந்த அப்பூச்சைச் சுரண்டிவிட்டு, கண்ணாடிபோல் மின்னும் புதுவர்ணமும் ஒட்டுத்தாள் கோடும் ஏற்றியபின், அந்த வண்டி எந்த ஆலையிலிருந்தும் வந்ததாகத் தோன்றுவதில்லை. பூச்சு முக்கால் பங்கு நிலைத்திருந்தால், மெல்லக் கழுவி மெழுகு பூசி விட்டுவிடுக. துரு தகட்டையே அரித்திருந்தால் மட்டும் முழுப் பூச்சுக்குச் செல்க. அப்போதும், இருக்கைக்கு அடியிலோ பெட்டியின் உட்புறத்திலோ ஒரு சாண் அளவு ஆலைப்பூச்சைத் தொடாமல் விட்டால், நிறத்தைப் பற்றிய சாட்சி எஞ்சும்.

இவ்வாறு சொல்வதற்கு ரசனை மட்டும் காரணமன்று, சட்டமும் காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேலாகி, மூலவடிவில் பராமரிக்கப்பட்டு, சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ மாற்றம் உள்ளிட்ட கணிசமான மறுசீரமைப்புக்கு உட்படாத வண்டியே விண்டேஜ் எனப்படும். அத்தகைய வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகள் அமைந்த தனிப்பதிவு எண் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பவனிக்கும் ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரத்துக்கும் வியாபாரத்துக்கும் ஓட்டலாகாது. இரண்டு வண்டிகளை உடைத்து ஒன்றாக்கியவரும், வேறு இயந்திரத்தை ஏற்றியவரும், பளபளப்பு எவ்வளவு இருப்பினும் இவ்வாசலில் நுழைவது அரிது. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளைப் பற்றி 2014இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் பிறப்பித்த ஆணைகளுக்குப் பின், நிலை பலமுறை மாறியுள்ளது. ஆதலின், அங்குள்ளோர் வண்டியை வாங்குமுன்னரே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இனி, ஓட்டுதல். இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எதனால் கலந்துள்ளது. 1960களின் ரப்பரும் தக்கையும் அதற்கென ஆனவை அல்ல. எரிபொருட்குழாயையும் தொட்டிக்குழாயின் வளையத்தையும் எதனாலைத் தாங்கும் பொருளால் மாற்றவேண்டும். எதனால் கலப்பினால் கலவையில் எரிபொருள் விகிதம் சற்றுக் குறைவதால், கார்புரேட்டரின் முதன்மை ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டிவரலாம். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் அதற்கு அது அறிகுறி. புதிய பிஸ்டன் இட்ட இயந்திரத்திற்குப் பெட்ரோலில் 25க்கு 1 பங்கு எண்ணெய் கலந்து, முதற்சில நூறு கிலோமீட்டர் முழுவேகத்தைத் தவிர்த்து, நெடுஞ்சரிவில் எரிவாயிலை முற்றும் மூடாமல் ஓட்டவேண்டும். இரு வீச்சு இயந்திரத்தில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. எரிவாயிலை மூடினால் சக்கரம் இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, எண்ணெயோ நின்றுவிடும்.

எதனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் பிரிந்து அடியில் தங்கித் துருவை மீண்டும் தொடங்கிவைக்கும். ஆதலால், ஒரு மாதத்திற்கு மேல் வண்டியை நிறுத்துவதாயின் தொட்டியை வடித்துவிட வேண்டும். வீடு சேர்வதற்கு அரைக் கிலோமீட்டர் முன்பே பெட்ரோல் குழாயை மூடிவிட்டால், வாசலை அடையும்போது கார்புரேட்டரின் கிண்ணமும் ஏறக்குறைய வற்றியிருக்கும்.