சட்டம் விடுவித்த பிறகு

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-இன் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையென்று உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. அடிமையாக ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம். ஆனால் நிலம் கைமாறவில்லை. பண்ணையாள் வாழ்க்கை கடனின் பெயரால் நீடித்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் விடுபடாத வாழ்வைக் கோப்புகளைவிட நாவல்களே நெருங்கிக் காட்டுகின்றன.

நெய்வேலிக்கு மேற்கே, விருத்தாசலத்தில் வாழும் இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்' (1994) அதற்குச் சான்று. தலித் மக்களின் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் உழைக்கிறாள், இரவில் வீடுவீடாகச் சோறு எடுக்கிறாள், களத்தில் தானியத்துக்குக் கையேந்தி நிற்கிறாள். அவளை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் மகள் மேரி வன்கொடுமைக்கு ஆளாகும்போது முறையிட அவளுக்கு ஓர் இடமும் இல்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையைக் காட்டுவது ஆதிக்க சாதியின் குற்றத்தை மறைத்துவிடும் எனத் தலித் விமர்சகர்கள் சிலர் எதிர்த்தனர். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. நாவலை அப்படிப் பயன்படுத்திக்கொள்ளக் காத்திருந்தவர்களும் உண்டு. ஆயினும் ஆரோக்கியத்தை மறைத்தால், சாதியின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதும் மறைந்துபோகும். இதற்கு இணையாக, டோனி மாரிசனின் அமெரிக்க நாவலான 'பிலவட்' (1987), அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த சேத்தியைக் கறுப்பின அண்டை வீட்டாரே ஒதுக்கியதையும் சொல்கிறது. வெள்ளை எசமானர்களின் குற்றம் அதனால் அணுவளவும் குறையவில்லை.